ஐப்பசி மழையில் வீட்டில் கேக் செய்யப் போகிறவர்களுக்கு

வீட்டில் ஓவன் வாங்கி கேக் செய்வது பற்றி யாராவது முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போன ஐப்பசியில் நான் அவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டேன். ஓவன் விலை போக நாலாயிரம் ரூபாய்க்கு மேல் செலவானது. அதைவிட, மனசு விட்டுப்போனதுதான் பெரிசு. எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவே, சுற்றிலும் ரப்பர் மரம் நிற்கும் இடம். மாமிக்கு எழுபது வயது நிறைகிறது, என் வீட்டுக்காரரும் குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தார். மைனி குடும்பம், கொழுந்தன் குடும்பம், என் அம்மா, அண்ணன் என்று எல்லோரையும் ஒரு ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம். மாமிக்கு அப்போதுதான் கண்ணில் புரை எடுத்திருந்ததால் அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆக, சமையல் முழுக்க என் தலையில். சாப்பாட்டோடு, நம்ம ஊரில் விளைகிற மட்டிப்பழம் (ஒரு வகை வாழைப்பழம்), கருப்பட்டி, கிராம்பு, ஜாதிக்காய், அண்டிப்பருப்பு (முந்திரி) எல்லாம் போட்டு ஒரு கேக்கும் என் கையாலேயே செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மாமி வாழ்நாள் முழுக்க எல்லோருக்கும் பலகாரம் சுட்டுப் போட்டவர். அவருக்காக ஒன்று செய்ய வேண்டும் என்பது என் மனசில் ரொம்ப நாளாகவே கிடந்த விஷயம்.

முதல் அடி ஓவன் வாங்கிய அன்றே விழுந்தது. நாகர்கோவிலில் ஒரு கடையில் தீபாவளித் தள்ளுபடியில் 2000 வாட் ஓடிஜி (கரண்டில் ஓடும் சின்ன ஓவன்) ஒன்று வாங்கினோம். அதன் பிளக் மூன்று தடித்த பின் உள்ள பெரிய பிளக். எங்கள் அடுக்களையில் மிக்ஸி போடும் சின்ன பிளக் பாயின்ட் மட்டும்தான் இருந்தது. கடைக்காரரிடம் கேட்டபோது ஒரு கன்வெர்ட்டர் பிளக்கை எடுத்துக் கையில் கொடுத்து, இதைப் போட்டால் போதும் என்றார். வீட்டுக்கு வந்து போட்டு, கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். சுவரில் இருந்த போர்டு தொட முடியாத சூடு. மெயினை அணைத்துவிட்டுப் பார்த்தால் பிளக் பாயின்ட்டின் ஓட்டை உருகி இளகிப் போயிருந்தது. பிள்ளைகள் பக்கத்தில்தான் நின்றார்கள். அந்த நடுக்கம் போக ரொம்ப நேரமானது. கணக்கு இதுதான்: 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். சாதாரண பாயின்ட் 6 ஆம்பியருக்குத்தான் செய்யப்பட்டது. அது தாங்காது. மீட்டர் பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்து, எர்த்தோடு 16 ஆம்பியர் பவர் பிளக் போட்டுத் தந்த எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு 2,600 ரூபாய் ஆனது. ஓவன் வாங்கப் போகிறவர்கள் முதலில் வீட்டு வயரிங்கைப் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். எர்த் இருக்கிறதா என்பதையும் கேட்டு வையுங்கள். மழைக்காலத்தில் நம்ம அடுக்களைத் தரையில் எப்போதும் ஈரம் இருக்கும், வெறுங்காலோடுதான் நிற்கிறோம்.

சரி, பிளக் ஆயிற்று. அடுத்தது வோல்டேஜ். சாயங்காலம் ஆறரைக்கு ஓவனைப் போட்டு, 180 டிகிரியில் பத்து நிமிஷம் சூடாக்கு என்று குறிப்பில் இருந்ததால் அப்படியே செய்தேன். மாவை உள்ளே வைத்து முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் மேலே லேசாக நிறம் மாறியிருக்கிறது, உள்ளே அப்படியே கூழாகக் கிடக்கிறது. ஓவன்தான் கோளாறு என்று நினைத்து மறுபடியும் அந்த அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “180 வோல்ட்டுதான் வருது, இதுல எங்க சூடாவ” என்றார். எங்கள் வீடு டிரான்ஸ்பார்மரிலிருந்து ரொம்பத் தள்ளி, லைனின் கடைசியில். சாயங்காலம் எல்லா வீட்டிலும் லைட்டும் மோட்டாரும் ஹீட்டரும் ஓடும்போது எங்களுக்கு வந்து சேருவது அவ்வளவுதான். வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தால் சூடும் கொஞ்சம்தான் குறையும் என்று நினைக்கக் கூடாது. கம்பி தரும் சூடு வோல்டேஜின் இருமடிப்படி குறையும். 230-க்குப் பதில் 180 வந்தால், 2000 வாட் ஓவன் வெறும் 1200 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். அப்போது பத்து நிமிஷ முன்சூடு எதற்கும் காணாது. கதவை ஒரு தடவை திறந்து மூடினாலும் விட்ட சூடு திரும்பி வர நேரமெடுக்கும்.

அதற்குப் பிறகு 450 ரூபாய் கொடுத்து ஓவனுக்குள்ளேயே வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். இத்தனை செலவில் உருப்படியான செலவு இது ஒன்றுதான். திருகு 180-இல் நிற்கும்போது உள்ளே முள் 150-ஐத் தாண்டவில்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், குறிப்பில் போட்டிருக்கும் நேரமும் சூடும் அந்தக் குறிப்பை எழுதியவரின் அடுக்களைக்கு உரியது என்பது புரிந்தது. என் ஓவனில் எவ்வளவு நேரம் என்பதை நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். இப்போதெல்லாம் விடியற்காலையிலோ மத்தியானம் இரண்டு மணிக்கு மேலோதான் கேக் வைக்கிறேன். அந்த நேரத்தில் மோட்டார், ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் எதையும் போட விடமாட்டேன். தெர்மாமீட்டர் முள் வேண்டிய இடத்தில் வந்து நின்று, அதற்கப்புறமும் பத்து நிமிஷம் விட்டுத்தான் மாவை உள்ளே வைப்பது.

சூடு சரியானதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். அடுத்து வந்த கேக் நன்றாகப் பொங்கி, வெளியே எடுத்ததும் நடுவில் அமுங்கிவிட்டது. வெட்டிப் பார்த்தால் அடியில் விரல் கனத்துக்குப் பிசுபிசுவென்று ஒரு அடுக்கு. வாயில் வைத்தால் சோப்பு மாதிரி ஒரு வாடை. மாமி ஒரு துண்டை வாங்கி மென்று பார்த்தார். “மக்ளே, கருப்பட்டி எங்க வாங்கின?” என்றுதான் முதலில் கேட்டார். நான் அந்த வாரம் கடையில் வாங்கியது என்றேன். “ஐப்பசியில வாங்குத கருப்பட்டி கசியும் பிள்ளே. நம்ம பானையில இருக்கத எடுத்தா என்ன?” என்றார்.

மாமி சொன்னது எவ்வளவு சரி என்பது பிறகுதான் விளங்கியது. பனை ஏறுவது கோடையில். அக்கானி (பதநீர்) இறங்குவதும் கருப்பட்டி காய்ச்சுவதும் அப்போதுதான். ஐப்பசியில் கடையில் இருப்பது மாதக்கணக்கில் கிடந்த பழைய சரக்கு. கருப்பட்டி காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். மழை பிடித்த பிறகு அதன் மேல் தொட்டாலே விரல் ஒட்டும். எடை போட்டு 200 கிராம் எடுத்தால் அதில் தண்ணீர் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. சீனி கலந்து காய்ச்சுவதும் நடக்கிறது. அதனால்தான் பழைய ஆட்கள் கோடையிலேயே, காய்ச்சுகிறவரிடமே வாங்கி, பானையில் போட்டு அடுப்புக்கு மேலே புகை படுகிற பரணில் வைத்தார்கள். எங்கள் வீட்டில் விறகடுப்பு இன்னும் இருப்பதால் பானையும் இருக்கிறது. அது இல்லாதவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வைக்கலாம். இன்னொன்று, கருப்பட்டியில் மண்ணும் பாளைத் தூசியும் கட்டாயம் இருக்கும். கொஞ்சம் தண்ணீர் விட்டு உருக்கி, துணியில் வடிகட்டாமல் கேக்கில் போடவே கூடாது. அந்தத் தண்ணீரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு மற்ற ஈரத்தைக் குறைக்க வேண்டும்.

சோப்பு வாடைக்குக் காரணம் வேறு. நான் பார்த்த குறிப்பு பழுப்புச் சர்க்கரைக்கு எழுதியது, அதில் சமையல் சோடா தாராளமாக இருந்தது. சோடா வேலை செய்யப் புளிப்பு வேண்டும். பழுப்புச் சர்க்கரையில் கொஞ்சம் புளிப்பு உண்டு. நம்ம கருப்பட்டி, கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கிய அக்கானியில் காய்ச்சுவது. அதில் புளிப்பை நம்ப முடியாது. புளிப்புக் கிடைக்காத சோடா அப்படியே தங்கி அந்த வாடையைக் கொடுக்கும். இதற்கு வழி, சோடாவைக் கால் ஸ்பூனாகக் குறைத்து, கொஞ்சம் புளித்த தயிர் சேர்த்து, மீதிக்கு பேக்கிங் பவுடர் போடுவது. அந்த பேக்கிங் பவுடரும் மழைக்காலத்தில் திறந்த டப்பாவில் ஈரம் ஏறிச் செத்துப்போகும். ஒரு ஸ்பூன் எடுத்து வெந்நீரில் போட்டுப் பாருங்கள். சடசடவென்று நுரைத்தால் உயிர் இருக்கிறது. சும்மா கரைந்தால் தூக்கி எறியுங்கள்.

வெண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் வெளியே வைத்து மெத்தென்று ஆனதும் அடி என்று எல்லாக் குறிப்பிலும் இருக்கும். அது 20 டிகிரி இருக்கும் குளிர்நாட்டு அடுக்களைக்குச் சரி. மழை பெய்தாலும் எங்கள் அடுக்களையில் 27, 28 டிகிரி இருக்கும். ஒரு மணி நேரத்தில் வெண்ணெய் எண்ணெய் கசிய ஆரம்பித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு அடித்தாலும் காற்று அதற்குள் நிற்காது, கேக் கனத்துப் போகும். பத்து நிமிஷத்தில், விரலால் அமுக்கினால் குழி விழுந்து ஆனால் விரல் வழுக்காமல் இருக்கும்போதே அடிக்க வேண்டும். அரைக் கிலோ வெண்ணெய், முட்டை, அண்டிப்பருப்பு, கருப்பட்டி என்று இப்படிக் கெட்டுப்போனது மட்டும் 1,500 ரூபாய்க்குக் குறையாது. ஒரு ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, அடுக்களையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். பேக்கரியில் வாங்கிவிடலாம், உன்னை யார் கேட்கப் போகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். அவர் அன்பாகத்தான் சொன்னார், எனக்கு அது இன்னும் வலித்தது.

கடைசியில் வெண்ணெயை விட்டுவிட்டு நம்ம செக்குத் தேங்காய் எண்ணெய்க்கு மாறினேன். கருப்பட்டியோடும் மட்டிப்பழத்தோடும் அதன் மணம் அவ்வளவு பொருந்துகிறது. மட்டி நம்ம மாவட்டத்துப் பழம், 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கைக்குழந்தைக்குக்கூட முதலில் ஊட்டுவது இதைத்தான். சந்தையில் தோல் கறுத்து யாரும் வாங்காமல் கிடக்கும் சீப்பைக் கேட்டு வாங்குங்கள், விலையும் குறையும், கேக்குக்கு அதுதான் நல்லது. எனக்குச் சரியாக வந்த அளவு இது: மைதா 200 கிராம், கருப்பட்டி 180 கிராம், அதை உருக்க 60 மில்லி தண்ணீர், தேங்காய் எண்ணெய் 100 மில்லி, முட்டை 2, தோலுரித்த மட்டிப்பழம் 150 கிராம், தயிர் 2 மேஜைக்கரண்டி, பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சோடா கால் டீஸ்பூன், பொடித்த கிராம்பு 4, ஜாதிக்காய் உரசியது இரண்டு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை, அண்டிப்பருப்பு ஒரு கைப்பிடி. கருப்பட்டிப் பாகு கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறின பிறகுதான் முட்டையில் விட வேண்டும். முட்டையும் தயிரும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு இருந்தால் தேங்காய் எண்ணெய் கட்டி கட்டியாக உறைந்துவிடும், அதனால் அவற்றை முன்னாடியே வெளியே எடுத்து வையுங்கள். மைதாவைச் சேர்த்த பிறகு அடித்துக்கொண்டே இருக்காதீர்கள், மாவு மறைந்ததும் நிறுத்துங்கள்.

பாத்திரத்தின் அளவும் முக்கியம். 8 இஞ்சுக்குச் சொன்ன மாவை 7 இஞ்சுப் பாத்திரத்தில் ஊற்றினால் உயரம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், நடு வேகாது. மேலே சொன்ன அளவு 7 இஞ்சு வட்டப் பாத்திரத்துக்கு. உள்ளே 165, 170 டிகிரி நிற்கட்டும், ஐம்பது நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். கருப்பட்டிக் கேக் முதலிலிருந்தே கறுப்பு, அதனால் நிறத்தைப் பார்த்து வெந்தது என்று முடிவு செய்ய முடியாது. தென்னை ஈர்க்கில் ஒன்றைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து நடுவில் குத்திப் பாருங்கள். ஈரமாவு ஒட்டாமல் வர வேண்டும். மேலே கருகுவது போலத் தெரிந்தால் ஒரு அலுமினியத் தாளை மேலாக மூடிவிடலாம். முதல் அரை மணி நேரம் மட்டும் கதவைத் திறக்கவே வேண்டாம்.

விருந்து அன்று இத்தனையும் சரியாகச் செய்துகொண்டு மத்தியானம் மாவைக் கலக்கிவிட்டு நிமிர்ந்தபோது கரண்ட் போனது. காற்றில் ரப்பர் கொம்பு ஒடிந்து லைன் மேல் விழுந்துவிட்டது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர் இது. எனக்குக் கை கால் ஓடவில்லை. பேக்கிங் பவுடர் கலந்த மாவு ரொம்ப நேரம் காத்திருக்காது. மாமி கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டபடியே வாசலில் நின்று, “பேடிக்காத மக்ளே, அந்தப் பழைய உருளிய எடு” என்றார். அடிகனமான உருளியில் இரண்டு விரல் உயரம் ஆற்றுமணல் பரப்பி, கேஸ் அடுப்பில் மூடி போட்டுக் கால் மணி நேரம் சூடாக்கி, நடுவில் ஒரு சின்ன முக்காலி வளையம் வைத்து, அதன் மேல் கேக் பாத்திரத்தை இறக்கி, கனமான தட்டால் மூடி, தீயைச் சிறிசாக்கினோம். மேல் பக்கம் வெந்து நிறம் பிடிக்க, மூடியின் மேல் தேங்காய்ச் சிரட்டைக் கனலைப் பரப்பச் சொன்னார். ஓவன் இல்லாத காலத்தில் அவர்கள் அப்படித்தான் செய்தார்களாம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனது. ஈர்க்கில் சுத்தமாக வந்தது.

இந்த முறையில் கவனிக்க வேண்டியது ஒன்று. மணலை முன்கூட்டியே கழுவி, நன்றாகக் காய வறுத்து ஒரு டப்பாவில் வைத்திருக்க வேண்டும். ஈர மணலில் கிடக்கும் கூழாங்கல் சூட்டில் வெடிக்கும். பிரஷர் குக்கரை வெறுமையாகச் சூடாக்கி கேக் செய்வது பலருக்கும் பழக்கம், ஆனால் தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் குக்கரின் அடி வளைந்துபோகும், நல்ல குக்கரை அதற்குப் பலி கொடுக்காதீர்கள். சிரட்டைக் கனல் வைப்பதானால் ஜன்னல், கதவு எல்லாம் திறந்திருக்கட்டும். ஓவனுக்குள் கேக் இருக்கும்போதே கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விட்டுவிடுங்கள். கடைசிக் கால் மணி நேரமாக இருந்தால் உள்ளே இருக்கும் சூட்டிலேயே வெந்துவிட வாய்ப்பு உண்டு. தொடக்கத்திலேயே போனால் தாமதிக்காமல் உருளிக்கு மாற்ற வேண்டியதுதான்.

சாப்பாட்டைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். மழையும் காற்றுமாக இருக்கும் நாளில் வள்ளம் கடலுக்குப் போகாது, நெய்மீன் விலை கேட்கவே முடியாது. அன்றைக்குக் காலையில் மீன்காரம்மாவை நம்பி உட்காராமல், முந்தின நாளே கேட்டு, கிடைக்காது என்றால் கோழிக்கு மாறிவிட வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். உள்ளித்தீயலை (சின்ன வெங்காயப் புளிக்குழம்பு) முந்தின நாள் ராத்திரியே வைத்துவிடலாம், தேங்காயை வறுத்து அரைப்பதால் கெடாது, மறுநாள் ருசி கூடும். அவியலைக் கடைசியாகத்தான் இறக்க வேண்டும், பச்சைத் தேங்காய் அரைத்த கறி தாங்காது. மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) அன்றன்றைக்குப் பிடுங்கியதாக வாங்குங்கள். இரண்டு மூன்று நாள் ஆனால் உள்ளே கறுப்பு ரேகை ஓடிவிடும். மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தேங்காய் சேர்த்து மயக்க (மசிக்க) வேண்டும். கேக்கை விருந்து அன்று வைத்துக்கொள்ளாமல் முந்தின நாளே முடித்து வைத்தால் இந்த ஓட்டம் எல்லாம் மிச்சம். கருப்பட்டிக் கேக் ஒரு நாள் இருந்தால் மணம் இன்னும் இறங்கும்.

எல்லோரும் கிளம்பும்போது மைனி திருவனந்தபுரத்துக்கு ஒரு பாதி எடுத்துக்கொண்டு போனார். பழம் போட்ட கேக் இந்த ஈரக்காற்றில் வெளியே இருந்தால் மூன்றாம் நாளே பூப்பிடிக்க ஆரம்பிக்கும். நன்றாக ஆறின பிறகே டப்பாவில் அடையுங்கள், சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்த தண்ணீர் கேக் மேலேயே சொட்டும். இரண்டு நாளுக்கு மேல் வைப்பதானால் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்தால் போதும். இல்லாவிட்டால் குளிரில் தேங்காய் எண்ணெய் இறுகி, கேக் கட்டியாக இருக்கும்.